இரண்டு மணிக்குத் திறக்கும் கதவு

...நெருப்பு எரிந்தால்தான் குளிர் வரும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது, ஆனால் உண்மை அதுதான், வோன்மொபில் என்கிற இந்த வீட்டுவண்டியின் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு நீலச் சுடர், அது அமோனியாவைச் சூடாக்க, அமோனியா தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே ஏறி, வெளிக்காற்றில் ஆறித் துளியாகி, திரும்ப உள்ளே இறங்கி ஆவியாகிற நேரம் பாலிலும் தயிரிலும் இருக்கிற சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, வண்டி சரிந்து நின்றால் துளி இறங்காது, அதனால்தான் நேற்று வந்து நிறுத்தியதும் சில்லுக்குக் கீழே பலகை வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை முன்னும் பின்னும் உருட்டினான்... பக்கத்தில் நடந்துவந்த யதுசா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நெருப்புத்தான் பாலைப் பழுதாகாம வைச்சிருக்குது" என்றாள். சில்வெஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொலோன் நகரத்தில் பதினொரு வருடமாக லிஃப்ட் திருத்துகிறவன், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கட்டிடத்தின் இயந்திர அறை எங்கே என்று முதலில் கேட்கிறவன், தன்னுடைய மகளும் கேட்கிற பிள்ளையாக வந்திருக்கிறாள். ஐந்து வயது அபிஷன் அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்தபடி ஓடைக்குள் நீந்துகிற தாராக்களை எண்ணிக்கொண்டு வந்தான். பாடன்-பாடனின் காலை வெயில் மரங்களுக்குள்ளால் வடிந்துகொண்டிருந்தது, எங்கேயோ நிலத்துக்குக் கீழே கொதிதண்ணீர் ஓடுகிற ஊர், யாரும் அவசரப்படாத ஊர், வெள்ளைத் தொப்பி போட்ட கிழவர்கள் கனவில் நடப்பதுபோல நடந்தார்கள், அவனும் அப்படித்தான் நடந்தான், கால்கள் வழியை அறிந்ததுபோல...

இந்த ஊருக்கு வரவேண்டும் என்று சொன்னது அவன் அல்ல. பிளோறன்ஸ்தான். கேவலாரில் தமிழ் ஆட்களின் மாதா யாத்திரை முடிந்து, வாடகைக்கு எடுத்த வோன்மொபிலில் தெற்கே இறங்கிப் போகிற வழியில், வரைபடத்தில் விரல் வைத்து, இஞ்சை வடிவாம் எண்டு என்னோடை வேலை செய்யிற பிள்ளை சொன்னவள், என்றாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து செய்து அவளுக்கு விடுமுறை என்றால் பகல் நித்திரை. காலையில் கட்டிலை விட்டு எழும்பாமலே சொன்னாள். "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எனக்கு ரெண்டு மணித்தியாலம் படுக்கவேணும். அந்தக் காசினோவையும் காட்டுங்கோவன். காலமையிலை சின்னாக்களையும் விட்டுச் சுத்திக் காட்டுவினமாம்."

"என்னையும் விடுவினமோ?"

"விளையாடத்தானே உங்களை விடமாட்டாங்கள். உங்கட பேர்தான் நாட்டிலை இருக்கிற எல்லாக் கதவிலையும் கிடக்கே," என்று சிரித்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள், அதில் குத்தல் கூட இல்லை, கதவைப் பூட்டிவிட்டு நித்திரைக்குப் போகிறவளின் நிம்மதி...

ஆனால் எந்தக் கதவிலும் அவன் பெயர் இல்லை. எப்படி இருக்கும், அவன் கையெழுத்தே வைக்கவில்லையே. முதலில் உணவுக்கடை மூலையில் உருளைக்கிழங்கு பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒற்றைச் சூதாட்ட மெஷின், பிறகு அடுத்த நகரத்துக் காசினோ, லிஃப்ட் இடையில் நின்றுவிட்டது அவசரம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமைகள்... மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் அவள் கண்டுபிடித்தாள். சத்தம் போடவில்லை. ஒரு தாளை அச்சடித்து மேசையில் வைத்தாள். அது ஒரு அன்ட்ராக், தன்னைத் தானே தடைசெய்யச் சொல்லும் விண்ணப்பம், கையெழுத்து வைத்துக் கொடுத்தால் பெயர் கணினிக்குள் போகும், பிறகு எந்தக் காசினோ வாசலில் அடையாள அட்டையை நீட்டினாலும் கதவு திறக்காது. எவ்வளவு அழகான ஏற்பாடு என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது, மனிதன் தன் கையாலேயே தன் கதவுக்குப் பூட்டுப் போடுகிறான். ஆனால் அதே மார்கழியில்தான் குடியுரிமை விண்ணப்பமும் அலுவலகத்தில் கிடந்தது. தமிழ் ஆட்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்கிற செல்வராசா அண்ணையிடம், இன்னொருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டான். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இந்த நாட்டிலை ஒரு பேப்பர் தனிய இராது தம்பி, ஒண்டை ஒண்டு தேடிப் போகும். பாஸ்போட் வரும்வரைக்கும் ஒரு இடத்திலையும் புதுசாப் பேர் விழக்கூடாது எண்டு அந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ." அந்த ஆள், அவனேதான், தாளோடு காரில் போய், காசினோவின் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "வைச்சிட்டன்" என்றான். அவள் அழுதாள். ஒவ்வொரு ஆவணியிலும் கேவலாரில் அந்தக் கையெழுத்துக்கு நன்றியாக மெழுகுதிரி கொளுத்துகிறாள், போன கிழமை கொளுத்தியது அபிஷனின் உயரம். பாஸ்போட் போன வருடமே வந்துவிட்டது. பிறகாவது கையெழுத்து வைத்திருக்கலாமே, யார் தடுத்தது...

காசினோவின் உள்ளே சிவப்பு. சுவரும் திரையும் கதிரையும் சிவப்பு, அதற்கு மேலே பொன், அதற்கு மேலே கண்ணாடிச் சரங்கள் தொங்கும் விளக்குகள், தேவாலயம்போல ஆனால் பீடம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை மேசை. கழுத்தில் பட்டுத்துணி கட்டிய வழிகாட்டி அம்மா மன்னர்களைப் பற்றியும் சீமாட்டிகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனாள், அவனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை, அல்லது எல்லாம் தண்ணீருக்குள்ளால் கேட்பதுபோல... பச்சை மேசையில் ரூலெட் சக்கரத்தின் மூடியை அவள் எடுத்தபோது மட்டும் எல்லாம் தெளிந்தது. அவன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். பாருங்கோ, முப்பத்தேழு குழி, சக்கரம் ஒரு பக்கம் சுத்தும், பந்து மற்றப் பக்கம் ஓடும், ஓரத்திலை வைர வடிவிலை கட்டை தெரியுதோ, பந்து அதிலை அடிபட்டுத் தான் போற வழியை மறந்துபோகும், அதாலை ஆருக்கும் முன்கூட்டிச் சொல்ல ஏலாது... குரல் தன் பாட்டுக்கு ஓடியது.

வழிகாட்டி சிறுவர்களைக் கூப்பிட்டு, காசில்லை, சும்மா, ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். யதுசா தன் வயதைச் சொன்னாள். எட்டு. பந்து மரவிளிம்பில் அந்தச் சத்தத்தோடு ஓடியது, அந்தச் சத்தம், மூன்று வருடம் கழித்தும் முதுகுத்தண்டில் ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டு இறங்கியது. பந்து தளர்ந்தது, கட்டையில் பட்டது, எட்டுக்குள் விழுந்தது, உண்மையாகவே விழுந்தது, பிறகு யோசித்ததுபோல எழும்பிப் பக்கத்துக் குழியான முப்பதுக்குள் போய் இருந்தது. ஓ என்று எல்லோரும் சிரித்தார்கள். யதுசா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, "கிட்ட வந்தது அப்பா," என்றாள்.

அவன் அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், முழங்காலில் இருந்து, தன் வாழ்க்கையில் எதையும் விளங்கப்படுத்தாத அளவு கவனமாக விளங்கப்படுத்தினான். எட்டும் முப்பதும் சக்கரத்திலைதான் பக்கத்து வீடு, பந்துக்கு அது தெரியாது. கிட்ட எண்டு ஒண்டு இல்லைக் குஞ்சு. பிழைச்சா எல்லாம் ஒரே பிழைதான். அடுத்தமுறை சுத்தேக்கை போனமுறை நடந்தது பந்துக்கு ஞாபகம் இராது. அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினாள், கண்ணை எடுக்காமல் கேட்டாள், கெட்டிக்காரி, ஒரு சொல்லும் தவறவில்லை.

"விளங்குதோ?"

"ஓம், விளங்குது," என்றாள். பிறகு, "இன்னொருக்காச் சுத்தினா வரும்," என்றாள்.

வெளியே வருகிற வழியில் ஒரு பலகை. விளையாட்டு இரண்டு மணிக்குத் தொடங்கும், ஆண்களுக்கு மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் வேண்டும், அடையாள அட்டை வேண்டும். அட்டை சட்டைப்பையில் இருந்தது, புதியது, நாட்டின் கழுகு போட்டது. மேற்சட்டையும் பட்டியும் வோன்மொபிலின் அலுமாரியில் தொங்கின, கேவலார்ப் பூசைக்குப் போட்டவை. இவற்றை யாரும் எண்ணச் சொல்லவில்லை, மனம் தானாக எண்ணி அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தது... நேரம் பன்னிரண்டரை. ஓடைக்கரையில் அபிஷன் களைத்துப்போய்த் தூக்கச் சொன்னான், தூக்கினான், பிள்ளையின் பாரம் தோளில் நித்திரையாக மாறுவதை உணர்ந்தபடி நடந்தான். யதுசா முன்னால் கல்லுக்குக் கல் பாய்ந்து, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு போனாள். விளங்கிக்கொண்டவள். அவனும்தான் விளங்கிக்கொண்டவன், அந்த மெஷின்களின் உள்வயிற்றை எழுத்தெழுத்தாக அறிந்தவன், பொத்தானை அமத்துகிற கணத்திலேயே முடிவு எழுதப்பட்டுவிடும், பிறகு சுற்றுகிற பழங்கள் வெறும் படம், அது தெரிந்துகொண்டுதான் அத்தனை சனிக்கிழமையும்...

பிளோறன்ஸ் வண்டியின் படியில் ஈரத்தலையோடு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, என்னவாம், அடிச்சுக் கலைச்சவங்களோ?" என்று கேட்டாள். அபிஷனைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்து, நின்றபடியே, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னான்.

"நான் அண்டைக்குக் கையெழுத்து வைக்கேல்லை பிளோறன்ஸ். என்ர பேர் ஒரு கதவிலையும் இல்லை."

அவள் கோப்பையைப் படியில் வைத்தாள்.

"அதுக்குப் பிறகு போனனீங்களோ?"

"இல்லை. சத்தியமா இல்லை."

"ஏன் போகேல்லை?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள், யதுசா கேட்பதுபோல. "பூட்டு இல்லையெண்டா உங்களை மூண்டு வருசமா எது பிடிச்சு வைச்சிருந்தது?"

நல்ல கேள்வி. பழுதான எதையும் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்க்கிறவன் அதையும் கழற்றிப் பார்த்தான், அந்த மார்கழியில் பயந்து மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடனோ, அது பயம் தெளிந்ததும் மறந்துபோனது, பிள்ளைகளோ, அவர்கள் அந்தச் சனிக்கிழமைகளிலும் இருந்தார்கள், அறிவோ, அது எதையும் ஒருநாளும் பிடித்ததில்லை என்று சற்றுமுன்தான் பார்த்தான்... மிஞ்சியது ஒன்றுதான், இல்லாத பூட்டு ஒன்று கதவில் கிடக்கிறதென்று அவள் நம்பி நித்திரை கொண்டது, ஒவ்வொரு இரவும் அவன் அந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அந்த நம்பிக்கை அங்கே இல்லை, இப்போதுதான், தன் கையாலேயே, கழற்றி எடுத்திருந்தான்.