அடிக்கு ஒரு அடி

“என்ன ஆனாலுஞ் செரி, பாட்ட மட்டும் நடுவுல நிறுத்திப்போடாதீங்ணா” என்றான் கச்சேரிக்கு ஏற்பாடு செய்த கிருபாசங்கர். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நின்றபடி அதையே மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொங்கியண்ணன் தலையாட்டினான். டிரம்ஸ் குச்சிகளைத் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கிருபாசங்கரின் பயம் புரியாமல் இல்லை. முந்தின ஊரில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் உயிர் பெறுவதற்குள் கூட்டம் நாற்காலிகளை உடைத்து மேடைமேல் வீசிவிட்டது. கிடார் வாசிக்கும் பையன் நெற்றியில் தையலோடுதான் கோயமுத்தூருக்கு வந்திருந்தான்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷத்து ஐப்பசி. ‘ஃபர்னஸ்’ குழு தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்த நான்கு பேர் ஹாஸ்டல் அறையில் ஆரம்பித்த குழு, பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, ராக் சங்கீதம் என்றாலே தெற்கே முதலில் நினைவுக்கு வரும் பெயராகிவிட்டது. நால்வரில் இருவர் அமெரிக்காவுக்கும் ஆலைக்கும் போனார்கள். மிஞ்சியவர்கள் பாடகன் திருமலைசாமியும் டிரம்ஸ் வாசிக்கும் பொங்கியண்ணனும்தான். திருமலைசாமி பீளமேட்டு மில் குடும்பத்துப் பிள்ளை. மேடையில் ஏறினால் பத்தாயிரம் பேரையும் ஒரு கையசைப்பில் எழுப்பிவிடுவான். கொடுமுடிப் பக்கத்துக் கரும்புக்காட்டுக்காரன் பொங்கியண்ணன் அப்படியில்லை. அத்தனை வருஷத்தில் மேடையில் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மைக்கும் அவனுக்குத் தனியாகக் கிடையாது.

சிங்காநல்லூரைத் தாண்டி மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலையின் பெரிய கோடவுனைத்தான் கிருபாசங்கர் அரங்கமாக்கியிருந்தான். தகரக் கூரை. ஒரு கோடியில் மேடை, மறுகோடியில் பெரிய வாசல். பக்கவாட்டில் லாரி வந்து போவதற்கான ஷட்டர் இரண்டு. வெளியே முற்றத்தில் குறைந்த டிக்கெட்காரர்களுக்காகத் திரை கட்டி வீடியோவில் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மத்தியானம் சவுண்ட் சரிபார்க்கும்போது பொங்கியண்ணன் அவனிடம் கேட்டிருந்தான்: “ஷட்டர் ரெண்டுலயும் ஏன் பூட்டுத் தொங்குது?”

“டிக்கெட் இல்லாதவனெல்லாம் உள்ள பூந்துருவானுங்ணா. சாவி எங்கிட்டத்தான் இருக்குது. வேணும்னா ஒரு நிமிசத்துல தொறந்துக்கலாம்.”

பொங்கியண்ணன் அதோடு விட்டுவிட்டான்.

கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்கியது. முதல் பாட்டிலேயே அரங்கம் கொதித்தது. காலேஜ் பிள்ளைகள், பட்டறைக்காரர்கள், திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்த பனியன் கம்பெனிப் பையன்கள் என்று எல்லோரும் தெரியாத இங்கிலீஷைத் தெரிந்த ராகத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது பாட்டு முடிகிற சமயத்தில் பொங்கியண்ணனின் காதில் ஒரு புதுச் சத்தம் விழுந்தது. தகரத்தின்மேல் யாரோ ஜல்லி கொட்டுவதுபோல இருந்தது. மழை.

மற்றவர்களைவிட உயரமான பலகையில் உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு அரங்கம் கோடி வரை தெரியும். முற்றத்தில் நின்றவர்கள் மழைக்கு ஒதுங்கி வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் காவலுக்கு நின்றவர்களால் தடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது பாட்டில்தான் தலைகளைக் கவனித்தான். கூட்டம் ஆடும்போது தலைகள் தனித்தனியாகத்தான் ஆடும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்தே தாளம் போட்டவன் அவன். இப்போது தலைகள் தனித்தனியாக இல்லை. காற்றடித்தால் கரும்புக்காடு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிருமே, அப்படிச் சாய்ந்து நிமிர்ந்தன. ஒவ்வொரு சாய்வுக்கும் முன்வரிசை இரும்புக் குழாய்த் தடுப்பின்மேல் போய் மோதியது.

தடுப்பை ஒட்டி மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். அவளுடைய கைகள் இரண்டும் கீழே எங்கோ சிக்கியிருந்தன. முகம் மட்டும் மேலே நிமிர்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அவள் பாடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையனின் தலை அடுத்தவன் தோளில் விழுந்து கிடந்தது. அவன் மயங்கிவிட்டான், விழக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

பொங்கியண்ணன் மேடை ஓரத்தைப் பார்த்தான். கிருபாசங்கர் இல்லை. மழையில் வாசலுக்குப் போனவன் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தான். சாவியும் அவனோடுதான் இருந்தது.

அதற்குள் ஆறாவது பாட்டு ஆரம்பமாகிவிட்டது. உருகும் இரும்பைப் பற்றிய பாட்டு, அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு. அதன் பல்லவி இரண்டாம் முறை வரும்போது திருமலைசாமி இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தை முன்னால் கூப்பிடுவான். எல்லா ஊரிலும் அப்படித்தான். கூப்பிட்டால் வராதவர்கள் யாரும் இருந்ததில்லை.

கை தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, பொங்கியண்ணனின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நிறுத்தினால் பின்னால் இருப்பவர்களுக்கு என்னவென்று தெரியாது. கோபம் வரும், தள்ளுவார்கள். நாற்காலிகூட வேண்டாம், ஒரு தள்ளு போதும். நிறுத்தாவிட்டால் இன்னும் எட்டுத் தாளச் சுற்றில் பல்லவி வந்துவிடும். காய்ச்சலோடு வாசித்திருக்கிறான், குச்சி முறிந்து விரலைக் கிழித்தபோது ரத்தத்தோடு வாசித்திருக்கிறான். பாட்டின் நடுவில் அவன் கை நின்றதே இல்லை.

மஞ்சள் சுடிதார்க்காரியின் கண்கள் மேலே செருகின.

அவன் நிறுத்தினான்.

கிடார்கள் இரண்டும் கொஞ்ச தூரம் தனியே ஓடித் தடுமாறி நின்றன. திருமலைசாமி திரும்பினான். நெற்றியில் வேர்வை வழிந்தது.

“என்றா பண்ற? வாசி.”

பொங்கியண்ணன் பலகையிலிருந்து இறங்கி அவனிடம் வந்தான். “மைக்கக் குடு.”

“பைத்தியமாடா உனக்கு? கொளுத்திப்போடுவானுங்க.”

“குடுடா திருமல.”

திருமலைசாமி ஒரு கணம் மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். பிறகு கொடுத்துவிட்டான். கூட்டத்தில் ஊளைச் சத்தம் எழும்பத் தொடங்கியிருந்தது.

“நசுருதீன், ஹால் லைட் அல்லாத்தையும் போடு” என்றான் பொங்கியண்ணன். சவுண்டுக்கும் லைட்டுக்கும் பொறுப்பானவர் நசுருதீன். வெளிச்சம் வந்தது. அதில் எல்லோருடைய முகமும் வெளிறித் தெரிந்தது. “அந்த ஷட்டர் பூட்ட எதையாச்சும் வெச்சு ஒடைங்க” என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னான். நசுருதீன் கேள்வி கேட்காமல் குழுவின் சாமான் லாரியைப் பார்த்து ஓடினார்.

பொங்கியண்ணன் கூட்டத்தைப் பார்த்து நின்றான். மேடையில் இங்கிலீஷ்தான் பேசுவது வழக்கம். அவனுக்கு அந்த நேரத்தில் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது.

“அல்லாருக்கும் வணக்கமுங்க.”

சிரிப்பு. ஊளை. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவன் புருவத்தில் பட்டது.

“முன்னால நிக்கறவங்களுக்கு மூச்சு உட முடியலீங்க. அவிங்க பின்னால வரோணும்னா, மொதல்ல கடேசில நிக்கறவங்க போகோணும். நடுவுல இருக்கறவங்க இப்பத்திக்கு அசையாதீங்க.”

கொடுமுடியில் ஆடிப்பெருக்கன்று படித்துறைக் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு அது தெரியும். தண்ணீர் ஓரத்தில் நிற்பவனைப் பார்த்துப் பின்னால் வா என்று எவ்வளவு கத்தினாலும் அவனால் வர முடியாது. மேல்படியில் நிற்பவன் அசைந்தால்தான் கீழ்ப்படிக்காரனுக்கு வழி.

மைக் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு போய் டிரம்ஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“நா ஒரு அடி அடிக்கறேன். நீங்க ஒரு அடி பின்னால வைங்க. அடிக்கு ஒரு அடி. அவ்வளவுதானுங்க.”

காலால் பெரிய டிரம்மை அடித்தான். யாரும் அசையவில்லை. இன்னொரு அடி. கோடியிலிருந்து ஒருவன் கத்தினான்: “வெளிய மழைங்ணா.”

“நனைஞ்சா தொவட்டிக்கலாமுங்க. இங்க ஒரு புள்ள நெஞ்சு நசுங்கி நிக்குது.”

சிரிப்பு நின்றுபோனது. மூன்றாவது அடி. நான்காவது. வாசலருகே ஒரு குடை விரிந்தது. அதற்குப் பக்கத்தில் சிலர் சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்கள். ஒரு வரிசை போனது. அடுத்த அடிக்கு இன்னொரு வரிசை.

வேகமாக அடிக்கச் சொல்லிக் கால் கெஞ்சியது. மஞ்சள் நிறம் இப்போது தலைகளுக்குள் முங்கி முங்கித் தெரிந்தது. ஆனால் அடி வேகமானால் கால்கள் ஓடும், ஓடினால் விழுவார்கள், விழுந்தவர்கள்மேல் மற்றவர்கள் விழுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாளத்தைப் பிடித்து வைத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு மெதுவாக அவன் எதையும் வாசித்ததில்லை.

திடீரென்று இடது பக்கம் இரும்பு கிறீச்சிட்டது. நசுருதீனும் லாரி டிரைவரும் ஜாக்கிக் கம்பியால் பூட்டை நெம்பி ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். நாலைந்து பேர் ஓடத் தொடங்கினார்கள்.

பொங்கியண்ணன் அடிப்பதை நிறுத்தினான்.

“நில்லுங்க.”

அவன் குரல் உயரவில்லை. தாளம் நின்றதில்தான் கால்கள் நின்றன.

“கதவு தொறந்துதான் இருக்கும். எங்கயும் போயிராது. அடிக்கு ஒரு அடி.”

மறுபடி அடித்தான். கூட்டம் நடந்தது.

அப்போதுதான் திருமலைசாமி மேடையிலிருந்து குதித்ததைப் பார்த்தான். மேடைக்கும் தடுப்புக்கும் நடுவே இருந்த சந்தில் இறங்கி, தடுப்புக்கு மேலாகக் கையை விட்டு ஒவ்வொருவராகத் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தான். கிடார்ப் பையன்களும் பின்னாலேயே குதித்தார்கள். மஞ்சள் சுடிதார்க்காரியை இழுத்தபோது அவள் வலியில் அலறினாள். அந்த அலறல் பொங்கியண்ணனுக்கு நிம்மதியாக இருந்தது. அலற மூச்சு வேண்டுமே. மயங்கிக் கிடந்த பையனைத் தூக்கியபோது அவனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அரங்கம் காலியாகும்வரை பொங்கியண்ணன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் திருமலைசாமி வந்து தோளைத் தொட்டு, “போதும்டா” என்றான்.

தரை முழுக்கச் செருப்புகள் கிடந்தன. கிருபாசங்கர் தொப்பலாக நனைந்து, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி அவற்றின் நடுவே நின்றுகொண்டிருந்தான். “நிறுத்த வேண்டாம்னு நாந்தானுங்ணா…” என்றான். சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

சாவு எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பொங்கியண்ணன் ஈரச் சட்டையோடு அங்கே போகும் வேனில் ஏறி உட்கார்ந்தான். திருமலைசாமியும் ஏறினான். குளத்தோரம் வண்டி மழைத் தண்ணீரில் நின்று நின்று போனபோது திருமலைசாமி சொன்னான்:

“நா பாத்தேன்டா.”

“எத?”

“அந்த மஞ்ச சுடிதாரு புள்ளைய. நீ நிறுத்தறதுக்கு முந்தியே, ஒரு பாட்டுக்கு முன்னாலயே. கண்ணுல தண்ணி வந்துது. பாட்டுக் கேட்டு அழுவுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புடி நெனச்சுக்கறதுதான் எனக்குப் புடிச்சிருந்துது.”

பொங்கியண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மத்தியானமே நா அந்தப் பூட்டப் பாத்தேன்” என்றான். “ஒரு வார்த்த கேட்டேன். பொறவு உட்டுட்டேன்.”

ஆஸ்பத்திரியில் மஞ்சள் சுடிதார்க்காரிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, பயமில்லை என்றார்கள். மயங்கிய பையனைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். பேர் மாசாணம். ஆனைமலைக்காரன், கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். இன்னும் நினைவு திரும்பவில்லை. விடிந்ததும் அவனுடைய அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தாள். நாச்சியம்மாள் என்று பேர். தாழ்வாரத்து பெஞ்சில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எதிரே நின்ற பொங்கியண்ணனின் புருவத்தில் நர்ஸ் சொல்லியிருந்த காயத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஏனுங்க, நீங்கதான் பாட்ட நிறுத்துனவருங்களா?”

“ஆமாங்க.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறவளின் முகம்.

“இன்னுஞ் சித்த முந்தியே நிறுத்தியிருக்கலாமுங்களே.”

பக்கத்தில் நின்ற திருமலைசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொங்கியண்ணன் அவன் கையைப் பிடித்துத் தடுத்தான்.

“ஆமாங்க” என்றான். “நிறுத்தியிருக்கோணும்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். திருமலைசாமி கீழே போய் மூன்று டீ வாங்கி வந்தான்.

அடுத்து நடக்கவிருந்த மதுரைக் கச்சேரியை ரத்து செய்யச் சொல்லி நசுருதீனிடம் சொல்லிவிட்டார்கள். கிடார்ப் பையன்கள் லாரியோடு பெங்களூர் திரும்பினார்கள். இவர்கள் இருவரும் அந்தத் தாழ்வாரத்திலேயே இருந்தார்கள். போய்ச் சாப்பிட்டு வரச் சொல்லி நாச்சியம்மாள் அதட்டும் அளவுக்கு அவளுக்குப் பழக்கமாகிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் வந்து அவளை உள்ளே கூப்பிட்டாள். கைப்பையைப் பொங்கியண்ணன் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். “தண்ணி கேக்கறானுங்க” என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.