ஓரத்து வெளிச்சம்

"வடக்கே தெரியுதுல்லா, அதுதான்ளா உன் வீட்டுக்காரர் வள்ளம். நீலம் நல்லாத் தெரியுது," என்றாள் சண்முகப்ரியா. அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் ஜெர்லின் போனில் கத்திவிட்டாள். "ரெக்ஸு, வடக்க போ!"

ஜெர்லினின் கணவன் பெனிஸ்டன் இரண்டு கூட்டாளிகளோடு காலையில் சங்கு குளிக்கப் போனவன். எஞ்சின் நின்றுவிட்டது என்று மதியம் ஒரு வார்த்தை சொன்னான், அதோடு போன் செத்தது. காற்று வலுக்கவே மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். அவன் தம்பி ரெக்ஸ் மட்டும் விசைப்படகோடு தேடிப் போயிருந்தான். பிரியா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கடலில் இரண்டு புள்ளிகள், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இருட்டுவதற்குள் ஏதாவது ஒன்றுக்குத்தான் படகு போய்ச் சேரும்.

பிரியா மறுபடி பார்த்தாள். தெற்குப் புள்ளியும் அதே மாதிரி கலங்கலாகத்தான் தெரிந்தது. நீலம் எதில் இல்லை?

தொலைநோக்கிக்குள் இருப்பது, கண்ணாடிக் கடைக்காரியான அவள் வீட்டிலேயே தேய்த்துச் செய்த குழியாடி. பந்தின் உட்புறம் போல வழவழவென்று வந்ததுமே, ஆசை பொறுக்காமல் வெள்ளி பூசிவிட்டாள். பந்து வளைவு போதாது, அதுதான் வினை. ஓரத்தில் விழும் ஒளி ஓரிடத்தில் சேரும், நடுவில் விழுவது சற்றுத் தள்ளிச் சேரும், உருவம் கலங்கும். நடுவை இன்னும் துளி ஆழமாகத் தேய்த்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். அதற்கு நாள்கணக்கில் உட்கார வேண்டும். பாவி மனுஷி, இதை வைத்துக்கொண்டு வடக்கென்று சந்தேகமில்லாமல் வேறு சொல்லித் தொலைத்தாளே!

ஓரத்தை மறைத்தால்?

அட்டைப்பெட்டியைக் கிழித்தாள். தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அந்த அளவுக்கு நடுவில் ஓட்டை வெட்டி, குழாயின் வாயில் வைத்தாள். ஒரே இருட்டு. வெயில் இறங்கிவிட்டிருந்தது.

"என்னளா பண்ணுத? அதான் பாத்துட்டியே!"

"இரு ஜெர்லின், இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன்."

சின்னத் தட்டை வைத்து ஓட்டையை இன்னும் பெரிதாக வெட்டினாள். மங்கல்தான், ஆனால் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. வடக்கே இருந்தது வள்ளமே இல்லை. நீலப் பீப்பாய்களைக் கட்டிய வெறும் மிதவை. குழாயைத் தெற்கே திருப்பினாள். தொலைநோக்கி எதையும் காட்டுகிறபடியே தலைகீழாக ஒரு வள்ளம், அதில் மூன்று பேர், ஒருவன் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான்.

இப்போது வாயைத் திறந்தால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது? திறக்காவிட்டால் மூன்று உயிர்.

"நான் சொன்னது தப்பு. அவங்க தெக்க இருக்காங்க. ரெக்ஸத் திருப்பு!"

ஜெர்லின் திரும்பினாள். "இது மட்டும் உண்மைன்னு எப்படி நம்ப?"

"நம்பாட்டி நீயே பாரு. தலைகீழாத்தான் தெரியும், பயப்படாத."

ஜெர்லின் குனிந்தாள். பிறகு போனை எடுத்தாள். அவள் அழைப்பதற்குள் பிரியாவே பிடுங்கிப் பேசினாள்.

அதன்பின் இருட்டில் தொலைநோக்கியில் எதுவும் தெரியவில்லை.

போன் அடித்தது. ரெக்ஸ்தான். "மைனி, மூணு பேரும் ஏறிட்டாங்க. வள்ளத்துக்குள்ள முட்டளவு தண்ணி. இன்னும் கொஞ்சம் பிந்திருந்தா கதையே வேற."

ஜெர்லின் போனைக் கீழே வைத்தாள். ஓங்கிப் பிரியாவின் கன்னத்தில் ஒன்று விட்டாள். அடித்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.