ஒரே நம்பரில் இரண்டு பேர்

என் புரோகிராமில் தப்பு என்று யாராவது சொன்னால், முதலில் சொன்னவர்மேல்தான் எனக்குக் கோபம் வரும். அன்று காலை அம்பத்தூரிலிருந்து கிருபாகரன் போன் செய்தபோதும் அப்படித்தான். அவர் அங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். முடிவுகளை மெசேஜில் அனுப்பும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் நான். "ஹேமாவதி, ஒரு அம்மா வந்து சத்தம் போடறாங்க. கொஞ்சம் வாங்களேன்" என்றார்.

நான் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது அப்பா குறுக்கே வந்து காலை நீட்டினார்.

"பாரு பாப்பா, எப்டி ஊதிகினு கீதுன்னு. சோறும் எறங்கல."

"மார்ச்லயே உனக்கும் அம்மாக்கும் டெஸ்ட் எடுத்தோமே. எல்லாம் நார்மல்னு மெசேஜ் வந்துச்சுல்ல? மூட்டு வலி மாத்திரய ரெண்டா போட்டுகினு படு, நைனா."

பரிசோதனை நிலையத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் மேனாம்பேட்டைச் சேர்ந்த கெங்கம்மாள். "நானும் மருமவளும் ஒரே நாள்ல ரத்தம் குட்தோம். ஒரு மெசேஜ்தான் வந்துகீது. இன்னொண்ணு எங்க?"

"ரெண்டு பேரும் யார் நம்பர் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எம் பையன் நம்பர்தான். எங்க ஊட்ல ஆருக்குன்னாலும் அவன் நம்பர்தான்."

ஒரு போன் நம்பருக்கு ஓர் ஆள் என்று நினைத்துப் புரோகிராமை எழுதியிருந்தேன். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரே ஒரு முடிவு. அதே நம்பரில் அடுத்தவர் முடிவு வந்தால், முந்தையது மெசேஜாகப் போவதற்கு முன்பே சத்தமில்லாமல் அழிந்துவிடும். வீட்டில் படித்த பிள்ளையின் நம்பரைத்தான் எல்லாரும் கொடுப்பார்கள் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் என் நம்பர்தான்.

திருத்துவது சுலபம், அதுதான் எரிச்சல். பெட்டிக்குள் ஒற்றை முடிவுக்குப் பதிலாக ஒரு பட்டியல். நம்பர் புதிது என்றால் புதுப் பட்டியல் தொடங்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அதன் கடைசியில் சேர்க்க வேண்டும். மொத்தம் ஐந்து வரிகூட இல்லை. மெசேஜில் பெயரும் வரும்படி செய்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

மெஷின் கொடுத்த மூலக் கோப்புகள் நல்லவேளையாக அப்படியே இருந்தன. புரோகிராம் தொடங்கியதிலிருந்து ஐந்து மாத முடிவுகளையும் மறுபடி ஓட்டினேன்.

"ஒண்ணுக்கு மேல ஆள் இருக்கற நம்பர் எத்தனை?" என்றார் கிருபாகரன்.

"நூத்திப் பதினெட்டு."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். கெங்கம்மாளுக்குக் கணக்கு புரியவில்லை, எங்கள் முகம் புரிந்தது. கத்துவதை நிறுத்திவிட்டார்.

என் நம்பரை முதலில் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. பயம். அழிந்தது அம்மாவின் முடிவாகத்தான் இருக்கும், லேசாகச் சர்க்கரை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று முதலில் ரத்தம் கொடுத்தது அப்பா, அடுத்துத்தான் அம்மா என்பது நினைவில் இருந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

"விட்டுப்போனதெல்லாம் இப்பவே அனுப்பிடுங்க" என்றார் கிருபாகரன். பட்டனை அழுத்தினேன்.

மேஜைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது.

'அழகேசன், வயது 61. கிரியேட்டினின் 6.4. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.' தேதி, மார்ச் ஒன்பது.

கிருபாகரன் எட்டிப் பார்த்தார். "யாரு இது?"

"எங்கப்பா."

"அஞ்சு மாசமாவா? கிட்னிங்க இது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, இப்பவே. வலி மாத்திரை எதாவது போடறாரா? ஒண்ணுகூடக் குடுக்காதீங்க, இருக்கறதையும் அழிச்சிடும்."

வீட்டுக்கு அடித்தேன். ஏழெட்டு முறை மணி போனபிறகுதான் அம்மா எடுத்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"படுத்துகினு கீறாரு. மூச்சு ஒரு மாரி இழுக்குது, எழுப்பினா 'ம்'ங்கறாரு, கண்ண தொறக்கல. மாத்திரயெல்லாம் போட்டுட்டாரு, கவலப்படாத. நீ சொன்னா மாரியே ரெண்டு."