பாரத்துக்கு ஏறியவர்கள்

வேதாசலத்தின் ஆஸ்டின் கார் சேரிக்குள் வரலாம். அதைப் பழுது பார்க்கிற ஏசுதாஸ் மட்டும் அவர் வீட்டுக் கொல்லைக்குள்கூடப் போகக் கூடாது. சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழிந்தும் ஊர் நியாயம் அப்படித்தான் இருந்தது. அதனால் அரிசி மில் முதலாளியின் கார் ஏசுதாஸ் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து, சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது.

பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து, ஒன்று உடைந்தே போயிருந்தது. ஏரிக்கரைப் பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருப்பவருக்கு முதுகெலும்பு கழன்றுவிடும். மெட்ராஸ் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த ஏசுதாஸை விட்டால் உத்திரமேரூரில் அதற்கு ஆள் கிடையாது.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஐயா, தை மாசம் எம்பொண்ணு மேரிக்குக் கல்யாணம். வூட்லேர்ந்து கோயிலுக்கு அவ இந்தக் கார்ல போவணும். கூலி வாணாம்."

"போயிட்டுப் போவட்டும்டா. சுப்ரமணி ஓட்டிக்கினு வருவான்" என்று சிரித்தார் வேதாசலம்.

சுப்ரமணி அவருடைய டிரைவர். "நானாச்சுடா ஏசு! சீட்டு பூரா பூ போட்டு இட்டுக்கினு போறேன், பாரு" என்று தோளில் தட்டினான். ஏசுதாஸ் கல்வெட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் அல்லவா, சொன்ன சொல் அழியாது என்று நம்பிவிட்டான்.

பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டினான். கொல்லன் உலையில் காய்ச்சி வளைத்து வாங்கினான். உடைந்ததற்குப் பதிலாகப் பழைய லாரிப் பட்டையை அறுத்துப் போட்டான். பட்டை முனைகளில் செருகும் ரப்பர் புஷ்களை மெட்ராஸுக்கே போய் வாங்கி வந்தான்.

"கட்டிக்கினு வந்தவள ஒரு நாளு இப்டி தொடச்சி வெச்சதில்ல. காருக்கு வந்த யோகத்தப் பாரு" என்றாள் அவன் மனைவி ஜெயம்மாள்.

சுப்ரமணி தினமும் மேற்பார்வை பார்க்க வருவான். பார்த்ததைவிடச் சாப்பிட்டது அதிகம். ஜெயம்மாளின் கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். கை கழுவும்போது, "ஊருக்குள்ள மட்டும் சொல்லிடாதீங்க" என்பான். அதையும் அவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினான். கடைசி வேலை, போல்ட்டுகளை முழுக்க இறுக்குவது. அப்போது வண்டியில் பாரம் இருக்க வேண்டும். வெறும் வண்டியில் இறுக்கினால், பிறகு ஆள் ஏறும்போது புஷ் முறுக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் பள்ளம் கத்தும். மில்லில் நெல் மூட்டை கேட்டதற்கு, எண்ணெய் படும், தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"மூட்ட எதுக்குடா? ஆளுங்கள ஏத்து" என்றவன் சுப்ரமணிதான்.

ஏசுதாஸ் தயங்கினான். "மொதலாளி சீட்டாச்சேண்ணா."

"நான் கீறேன்ல? ஏத்துடா."

அறுவடை முடித்துக் கால் கழுவாமல் வந்த முனியன் முன்னால் ஏறினான். பின்னால் பக்கத்து வீட்டு அம்முலு, அவள் தங்கை சரசு, நடுவில் மேரி. அம்முலு முதலாளி உட்காரும் மூலையில் சாய்ந்து, "இன்னாடா டிரைவரு, காஞ்சிபுரம் வுடு!" என்று அதட்டினாள். சேரியே சிரித்தது. சுப்ரமணியும் சிரித்தான்.

"ஆடாதீங்க! நெல்லு மூட்டையா இருந்தா இந்தப் பேஜாரு இல்ல" என்று காருக்கு அடியிலிருந்து ஏசுதாஸ் கத்தினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த போல்ட்டையும் இறுக்கியதில்லை.

யாரோ போய் முதலாளி காதில் ஓதிவிட்டார்கள். கார் மில்லுக்குப் போன மறுநாள் ஏசுதாஸுக்கு ஆள் வந்தது. அவன் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே கார் சீட்டுகளை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரக் கேட்டுடா என் சீட்டுல அதுங்கள ஏத்தின?"

ஏசுதாஸ் சுப்ரமணியைப் பார்த்தான். சுப்ரமணி கார்க் கண்ணாடியைப் பார்த்தான்.

"நான் வாணாம்னுதாங்க சொன்னேன். இவன் கேக்கல" என்றான் சுப்ரமணி.

"பாரத்துக்குத்தான் ஏறினாங்க ஐயா" என்றான் ஏசுதாஸ்.

"கல்யாணத்துக்கு வேற வண்டி பாத்துக்க, போ."

முதலாளி பேசியது அவனுக்குப் புதிதில்லை. தேளுக்குக் கொட்டத்தான் தெரியும். சுப்ரமணி சொன்னதுதான் நெஞ்சைப் பிளந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறான். அது தன் வீட்டுச் சோறாக இருக்கும் என்று நினைக்கவில்லை. 'இவன் எங்க வூட்ல துன்னவன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுப்ரமணியின் வேலை அங்கேயே போயிருக்கும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினான். ஊருக்குள் சொல்வதில்லை என்று தான் கொடுத்த வாக்குக்கு அவனே காவல்.

கல்யாணத்தன்று மேரி மாட்டு வண்டியில் போனாள், பக்கத்தில் ஏசுதாஸ். ஏரிக்கரையில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. வண்டிக்காரன் பயந்துபோய் மாட்டை ஓரம் கட்டினான். கார் நிறைய வேதாசலத்தின் விருந்தாளிகள். சுப்ரமணி கழுத்தைத் திருப்பவில்லை.

மதகடிப் பள்ளத்தில் கார் இறங்கியது. ஒரு கிறீச்சாவது வரக் கூடாதா என்று ஏசுதாஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். வரவில்லை. கார் தொட்டிலாய் அசைந்து ஏறிப் போயிற்று.

"பாத்தியா நைனா, சத்தமே வரல" என்றாள் மேரி. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து கல்யாண வண்டி அதே பள்ளத்தில் இறங்கியது. மேரியின் தலை கூண்டு மூங்கிலில் இடித்து, வைத்திருந்த பூ கீழே விழுந்தது. ஏசுதாஸ் குனிந்து அதை எடுத்தான். எடுத்தவன் வெகுநேரம் நிமிரவே இல்லை.