மெயினை அணைத்த மதியம்

என் அக்கா பொன்னம்மாளுக்கு வாதம் வந்து பேச்சும் நடையும் போன பிறகு, வலது கையில் ஒரே ஒரு விரல்தான் அசைந்தது. அந்த விரலுக்காக நான் ஒரு மணி செய்தேன். கட்டிலில் ஒரு பொத்தான், சுவரில் ஒரு பெட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்து மேட்டுக்கு அப்பால் உள்ள மிளகுத் தோட்டத்தில் ஒரு சைரன். அக்கா அழுத்தினால் நானோ என் மனைவி மேகலாவோ ஓடி வருவோம். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது.

முள்ளுக்குறிச்சியில் ஒரு கடையில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கற்றவன் நான். பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு. பெட்டி வீட்டுக் கரண்டில் ஓடும். கட்டிலுக்குக் கரண்ட் போகக் கூடாதென்று பொத்தானுக்கு மட்டும் தனியாக மூன்று பென்சில் பேட்டரி வைத்தேன். கடைக்கார மாணிக்கம் அண்ணன் அப்போதே சொன்னார்.

"பொட்டி ஆஃப்ல இருக்கறப்ப பொத்தான அமுக்குனா உள்ள இருக்கற ஐசி சிப்பு போயிரும் சாமி. கரண்ட மட்டுப்படுத்த நடுவால ஒரு ரெசிஸ்டர் போட்டுரு."

சரிங்கண்ணா என்றேன். போடவில்லை. அன்றைக்குக் கைவசம் இல்லை. மணி அடித்ததும் அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனேன்.

ஐப்பசியில் ஒரு மதியம் இடி பிடித்துக்கொண்டது. இடி கேட்டால் மெயினை அணைப்பதுதான் மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் முதல் வேலை. மேகலாவும் அணைத்துவிட்டு, பாறையில் காயவைத்த மரவள்ளி வில்லைகளை அள்ள ஓடினாள். நானும் அங்கேதான் இருந்தேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடி என்றால் பயம். அழுத்தியிருக்கிறாள். யாரும் வராததால் விடாமல் அழுத்தியிருக்கிறாள்.

கரண்ட் இல்லாத ஐசிக்குள் பேட்டரி கரண்ட் ஒற்றைக் கால் வழியாகப் புகுந்தால் அது தாங்காது. சத்தமோ புகையோ இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கருகிவிடும். மெயினைப் போட்டதும் பெட்டியில் கரண்ட் வந்தாலே எரியும் சிவப்பு விளக்கு எப்போதும்போல எரிந்தது. மறுநாள் காலை அதைப் பார்த்துவிட்டுத்தான் மேகலாவோடு தோட்டத்துக்குப் போனேன். ஒரு தடவை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை இந்த மடையனுக்கு.

பதினொரு மணிக்குக் கஞ்சி கொடுக்க வீட்டுக்குப் போன மேகலா, திரும்ப ஓடி வந்து என்னைக் கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது. சளி அடைத்து அக்காவின் மூச்சு நின்றிருந்தது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

காரியம் முடிந்த பிறகு பெட்டியைப் பிரித்தேன். மேகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நான் மெயின ஆஃப் பண்ணுனதாலயா?"

"இல்ல கண்ணு. எல்லாரும் பண்றதுதான். நாந்தான் ரெசிஸ்டர் போடாம உட்டுட்டேன்."

அவள் காலிக் கட்டிலைப் பார்த்தாள். அக்காவை நங்கை என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள்.

"அன்னிக்கு மழ நின்னு ஊட்டுக்குள்ள வந்தப்ப நங்கை என்னையப் பாக்கவே இல்லீங்க. மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. இடிக்குப் பயந்துதான்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோட்டத்து மணி கட்டில் வரைக்கும் கேட்காது. அது அடிக்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு நாளும் நாங்கள் கேட்டுக்கொண்டே வராமல் இருந்தோம் என்றுதான் நினைத்திருப்பாள்.