ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

பன்னிரண்டு என்றது மேசைக் கணினி, எட்டு என்றது மடிக்கணினி, நான் நடுவில் உட்கார்ந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கிறேன், இரண்டு திரையிலும் அதே வரைபடம், அதே பள்ளிக்கூடம், முதல் மாடி வகுப்பறைகளுக்கு முன்னால் தூணில்லாமல் வெளியே நீளும் அதே ஆறடித் தாழ்வாரம், கோப்பின் பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, வலது மூலையில் பொறியாளர் என்று என் பெயர், அதன்மேல் என் கையெழுத்து, ஆனால் மேல்கம்பியின் கனம் இங்கே பன்னிரண்டு எம்எம், அங்கே எட்டு எம்எம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்க்கிறேன், எட்டு எட்டாகவே இருந்தது, மவுஸின் மேல் கிடந்த விரல்கள் வேறு யாருடையவோ மாதிரி இருந்தன, அவற்றை நகர்த்த வேண்டும் என்று நினைக்கிறேன், நகரவில்லை.

நான் மாற்றினேனே, நன்றாக நினைவிருக்கிறது, அன்று காலை மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது, தாழ்வாரம் முதலில் மூன்றடிதான், பள்ளித் தாளாளர் போன் செய்து மூணடி பத்தாதுங்க, பெல் அடிச்சா புள்ளைங்க மொத்தமா வெளியே வருவாங்க, ஆறடியாப் போட்டுக் குடுங்க என்றார், ஆறடி என்றால் சுமை எங்கேயோ போய்விடும், தூணில்லாத தளத்தைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருப்பது மேலே ஓடும் கம்பிதான், அதனால் இதோ இந்த மேசைக் கணினியில் உட்கார்ந்து அளவை ஆறடியாக்கி, கம்பியைப் பன்னிரண்டாக்கினேன், நெருக்கிப் போட்டேன், எதிர் மேசையில் பெனிட்டா, என்னோடு படித்தவள், இந்த அலுவலகத்தில் பாதி அவளுடையது, ஏய், ஒரே ஃபைலை ரெண்டு மெஷின்லயும் வெச்சுக்காதடி, என்னைக்காவது மாட்டிக்குவ என்றாள், நான் சிரித்தேன், தினமும் சாயங்காலம் பென்டிரைவ்ல காப்பி பண்ணிக்கறேன்ல, எதுக்கு மாட்டப்போறேன் என்றேன், அன்று சாயங்காலம்தான் அவள் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன், பென்டிரைவ் கணினியிலேயே செருகிக் கிடந்தது, அதில் எதையும் நான் ஏற்றியிருக்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன், தாழ்வாரம் மூன்றடி என்றே காட்டியது, அட, அளவை மாற்ற மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று மூன்றை அழித்து ஆறு என்று போட்டேன், கம்பியைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்க வேண்டும், கம்பியைத்தான் ஏற்கனவே மாற்றிவிட்டேனே, மாற்றியது என் நினைவில் இருந்தது, கோப்பில் இல்லை, கோப்பிலேயே இருக்கும் கையெழுத்தோடு அப்படியே அச்செடுத்து அனுப்பினேன், மூன்றடிக்கான கம்பியோடு ஓர் ஆறடித் தாழ்வாரம், இதெல்லாம் நேற்று நடந்ததா போன மாதம் நடந்ததா, மழை பெய்தது எந்தக் காலையில், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்கிறது, நேற்று மத்தியானம் அந்தக் கட்டடத்தைக் கட்டும் சென்னியப்ப மேஸ்திரி போனில் சொன்னது, நாளைக்குக் காலைல முட்டுப் பிரிச்சர்றோமுங்க அம்மணி.

மணி ஒன்பது இருபது. கான்கிரீட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருக்கும் முட்டுகளை உருவிவிட்டால் பிறகு தாங்குவதற்கு அந்த எட்டு எம்எம் கம்பிதான், போன் போடுகிறேன், மணி அடித்து அடித்து ஓய்கிறது, மறுபடி போடுகிறேன், மேஸ்திரி வேலையில் இருக்கும்போது சட்டையைக் கழற்றி எங்காவது மாட்டிவிடுவார், போன் அந்தச் சட்டைப்பையில் இருக்கும், மடிக்கணினியை மூடினேனா அப்படியே தூக்கினேனா தெரியாது, பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி சாலையில் போகிறேன், இருபது கிலோமீட்டர், முன்னால் தேங்காய் நார் ஏற்றிய லாரி, ஒலியெழுப்புகிறேன், அவன் ஒதுங்கவில்லை, ஒரு கணம் நான் சாலையில் இல்லை, தாழ்வாரத்துக்குக் கீழே நிற்கிறேன், மேலே மணி அடிக்கிறது, பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறார்கள், இன்னும் வருகிறார்கள், போதும் உள்ளே போங்கள் என்று கத்துகிறேன், ஒருத்தி என்னைப் பார்த்துக் கையசைக்கிறாள், லாரி ஒதுங்கியது, நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன், கார் கண்ணாடிகள் மூடியிருந்தன.

போய் இறங்கியபோது வெளி வரிசை முட்டுகள் ஏற்கனவே தரையில் கிடந்தன, கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, தாழ்வாரத்தின் விளிம்பில் கைப்பிடிச் சுவருக்காகச் செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள், மேஸ்திரி, எல்லாரையும் வெளியே வரச்சொல்லுங்க, உடனே, என்றேன், அவர் தலைத்துண்டை அவிழ்த்தபடி என்னங்கம்மணி ஆச்சு என்று வந்தார், கம்பி பத்தாது, விழுந்துரும் என்றேன், அந்த மனிதர் அடுத்த கேள்வி கேட்கவில்லை, திரும்பி ஒரு சத்தம் போட்டார், முட்டு உருவிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், எண்ணினேன், அவரும் எண்ணினார், மாரக்கா எங்கடா என்றார்.

சித்தாள் மாரக்காள் தளத்துக்கு அடியில் இருந்தாள், சுவரோரமாகக் குனிந்து, பிரித்துப் போட்ட சென்ட்ரிங் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், இயந்திரச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை, நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன், பயப்படவில்லை என்றும் சொல்ல மாட்டேன், கால்கள் போய்க்கொண்டிருந்தன, உள்ளே நிழல், ஈரச் சிமெண்டின் வாசனை, தலைக்கு மேலே உப்பு நெரிவது மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன், ஐயோ என்னங்க, என்னங்க என்றபடி வந்தாள், வெளியே பத்தடி வந்ததும் கையை உதறிக்கொண்டு, என்னோட சோத்துப் போசி உள்ள இருக்குதுங்க, எடுத்துட்டு வந்தர்றேன் என்று அந்தச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்காகத் திரும்பினாள், நான் அவள் கையை விடவில்லை, அவள் இழுத்தாள், நானும் இழுத்தேன், எங்கள் இரண்டு பேருடைய இழுபறிக்கு நடுவில் அது விழுந்தது.

முதலில் சத்தமே கேட்கவில்லை, விளிம்பு மெதுவாகத் தலை குனிந்தது, செங்கற்கள் ஒவ்வொன்றாகச் சறுக்கின, பிறகு சுவரோரம் பிளந்து தளம் மொத்தமாக மடிந்து இறங்கியது, புழுதி எழுந்து எங்களை மூடியது, புழுதிக்குள் என் கையில் இன்னொரு கை இருந்தது, புழுதி அடங்கியபோது மாரக்காள் நின்றிருந்த இடம் இல்லை, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது, பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாளாளர் பள்ளியின் பழைய கட்டடத்திலிருந்து ஓடிவந்தார், செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டிருந்தது, நேராகச் சென்னியப்பனிடம் போனார், கம்பியத் திருடி வித்துப்போட்டியாடா, புள்ளைங்க நடக்கற எடத்துல கம்பியத் திருடுவியா நீ, என்று சட்டையில்லாத அவர் தோளைப் பிடித்து உலுக்கினார், இடிபாட்டிலிருந்து மெலிந்த கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன, யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும், மேஸ்திரி என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், வேலையிடத்தில் வைத்திருந்த அச்சுப்படம் சிமெண்ட் நீரில் ஊறி என்றைக்கோ கூழாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், போன வாரம்தான் இன்னொரு பிரதி கேட்டிருந்தார், நான் கொடுக்கவில்லை, அதை அச்செடுக்கத்தான் காலையில் இரண்டு கணினியையும் திறந்தேன், அப்படியென்றால் எட்டு என்று எழுதியிருந்ததற்கு உலகத்தில் ஒரே சாட்சி காரில் கிடக்கும் மடிக்கணினி, அலுவலகத்தில் இருப்பது சரியான படம், பன்னிரண்டு, என் கையெழுத்தோடு, அதை இதன் மேல் காப்பி செய்தால் முடிந்தது, ஒரே பெயர், பழையதை மாற்றவா என்று கேட்கும், ஆம் என்றால் போதும், நான் இதை நினைத்தேன், மறைத்து என்ன பயன், அவ்வளவு புழுதிக்கு நடுவில், ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டே நான் இதை நினைத்தேன், இடிந்து விழுந்த தளத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது, இன்றைக்கும்.

காருக்குப் போனேன், மடிக்கணினியை எடுத்துவந்து செங்கல் குவியலின் மேல் வைத்துத் திறந்தேன், சார், அவரை விடுங்க, இதைப் பாருங்க என்றேன், தாளாளர் குனிந்தார், வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, என் துப்பட்டாவை விரித்து நிழல் பிடித்தேன், நான் குடுத்த படம் சார் இது, கம்பி எட்டுன்னு போட்டது நான், அவரு படத்துல இருந்ததைத்தான் கட்டியிருக்காரு, தப்பு என்னோடது என்றேன், அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏனுங்க, எம்புள்ளையும் இங்கதான் படிக்கறா, தெரியுமாங்க உங்களுக்கு என்றார், குரலில் கோபமில்லை, அதைக் கேட்க முடியாமல் நின்றேன், அவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி நடந்தார்.

இடிபாட்டை அகற்றினார்கள், வேறொரு பொறியாளர் தூண் வைத்து அந்தத் தாழ்வாரத்தை எழுப்பினார், நடந்ததை எழுதி நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன், அம்மாவின் மறுபரிசோதனைக்காக மருத்துவமனையிலிருந்த பெனிட்டாவிடம் அன்று மாலையே சொன்னேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல என்று மட்டும் கேட்டாள், இதெல்லாம் பிறகு, அன்று அங்கே எல்லாரும் போனபின் சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார், சட்டையைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார், அறுபது வயதிருக்கும், கம்பி கட்டயிலயே எனக்குச் சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு அம்மணி என்றார், ஆறடிக்கு இது பத்துமான்னு ரெண்டு தடவை போனை எடுத்தேனுங்க, அப்புறம் கீழ உங்க கையெழுத்தப் பாத்தேன், படிச்சவங்க போட்டது, நாம கேட்டா தப்பா எடுத்துக்குவாங்கன்னு வெச்சுட்டேன், நான் கேட்டிருக்கோணுங்க, மன்னிச்சுக்கோங்க என்றார், என்னிடம், அவர், மன்னிப்புக் கேட்டார், நான் பேச வாய் திறந்தேன், வாயெல்லாம் சிமெண்ட்.