கைராசிக்காரி

திண்டிவனத்தில் மருத்துவச்சிகள் மாநாடு என்றதும், வெளியூர்க்காரி ஒருத்திக்குத் தன் வீட்டில் இடம் தருவதாக சூசை மேரி முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள். காரணம் வேறொன்றுமில்லை, மருமகள் லூர்துசெல்விக்கு நிறைமாதம். ஐம்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். வந்து இறங்கியவள் கிளியனூர் மருத்துவச்சி வீரம்மாள்.

"கைராசிக்காரங்களா பாத்து அனுப்புங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். புள்ளைய ஒரு தபா தொட்டுப் பாருங்களேன்" என்று சூசை மேரி காபியை நீட்டினாள்.

"நாளைக்குப் பாக்கறேங்க" என்று நழுவினாள் வீரம்மாள். ஐப்பசி அடைமழையில் அவள் பார்த்த பிரசவம் ஒன்று. பிள்ளை பிழைத்தது, தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் செய்தும், மாட்டுவண்டி ஆஸ்பத்திரி சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள்தான் சொல்லிக்கொண்டாள். அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் காய்ச்சல், தலைவலி என்று சாக்கு. மாநாடு முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதென்று தீர்மானித்திருந்தாள்.

முதல் நாள் மேடையில் பெரிய மனிதர்கள் தாய்மையைப் போற்றினார்கள். ஒருவராவது பிரசவம் பார்த்தவரில்லை. பந்தலில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். மறுநாள் அனந்தபுரத்து மருத்துவச்சி முனியம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"என் கையில ரெண்டு தாயிங்க போயிருக்காங்க. ஊர்ல இத்த யாராண்ட சொல்றது? இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே. வேற யாருக்கெல்லாம் அப்பிடி ஆயிருக்குது, கை தூக்குங்க."

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஓரத்தில் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. உலகத்தில் தான் ஒருத்திதான் என்று இத்தனை மாதம் மருகியிருந்தாளே வீரம்மாள். பக்கத்திலிருந்தவள் தூக்கிய கையை இறக்காமலே மறுகையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் வீரம்மாள் தன் கையும் மேலே நிற்பதைப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பாயில் படுத்திருந்த லூர்துசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை மட்டும் நீட்டவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேம்மா. என் கையில ஒரு தாயி செத்துப் போயிட்டா."

சூசை மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். மருமகளோ வீரம்மாளின் ஈரக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"இங்கதாங்க ஒதைச்சிக்கினே கீது. ஒரே பேஜாரு."

உள்ளேயிருந்து ஒரு குதிகால் அவள் உள்ளங்கையை முட்டியது. வீரம்மாள் மற்றக் கையையும் எடுத்து வைத்தாள்.